கட்டம் நிரம்பினால் அறிவு சேருமா? தினசரி ஆங்கிலக் குறுக்கெழுத்தைப் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஓராண்டுக்கு மேலாக நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்தைத் தினமும் போட்டு வருகிறார். எல்பா, ஈரி, ஆரல், நேனே போன்ற பெயர்கள் இப்போதெல்லாம் கட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் வீட்டில் ஒருவர் "ஈரி என்றால் என்ன?" என்று கேட்டால், "அமெரிக்காவில் ஓர் ஏரி" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல வருவதில்லை. இதைப் பொது அறிவு என்று சொல்லிக்கொள்ளலாமா, தெரியாத விடையை இணையத்தில் தேடிப் போடுவது ஏமாற்றாகுமா, எழுபதைக் கடந்த தந்தையாருக்கும் இதைப் பழக்கிவிட்டால் மறதி நோய் அண்டாமல் இருக்குமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் ஐயம் ஒன்றுதான்: கட்டம் நிரம்புவதும் அறிவு சேர்வதும் ஒன்றா?

ஒன்றல்ல என்பதே என் பதில். நூலகத்தில் குறிப்புதவிப் பிரிவில் வேலை பார்த்தவன் நான்; வாசகர் கேட்கும் துண்டுத் தகவலை எந்த நூலில் எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் என் பயிற்சி. அமெரிக்கக் குறுக்கெழுத்து பல ஆண்டுப் பழக்கம். இவ்விரண்டையும் கொண்டு சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். மருத்துவம் என் துறை அல்ல என்பதால் மூன்றாவது கேள்விக்கு வெளியான ஆய்வுகள் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

அமெரிக்கக் கட்டத்தின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் உங்கள் குறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. வார நாட்களில் பதினைந்துக்குப் பதினைந்து, ஞாயிறன்று இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று என்று அமையும் இந்தக் கட்டத்தில், ஒவ்வோர் எழுத்தும் இடமிருந்து வலம் செல்லும் ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழ் இறங்கும் மற்றொரு சொல்லிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டனில் வரும் கட்டங்களில் ஏறக்குறைய பாதி எழுத்துகள் ஒரே சொல்லுக்கு மட்டும் உரியவை. அங்கே விடை தெரியாவிட்டால் அந்த எழுத்துகள் வெறுமையாகவே நிற்கும். அமெரிக்கக் கட்டத்தில் அப்படியில்லை. நான்கெழுத்து விடை ஒன்றைப் பற்றி உங்களுக்கு எதுவுமே தெரியாவிட்டாலும், அதைக் குறுக்கிடும் நான்கு சொற்களும் தெரிந்தால் அது தானாக நிரம்பிவிடும். குறிப்பைப் படிக்காமலேயேகூட நிரம்பிவிடும், நீங்களும் அடுத்த மூலைக்குப் போய்விடுவீர்கள். ஆகவே முடித்த கட்டம் ஒன்றில் உங்களுக்குத் தெரிந்திருந்தவை, நீங்கள் ஊகித்தவை, உங்கள் கண்ணிலேயே படாமல் நிரம்பியவை ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த வசதி கைவிடும் இடமும் உண்டு. தெரியாத இரண்டு சிறப்புப் பெயர்கள் ஒன்றையொன்று வெட்டும் எழுத்தில் எந்தத் தர்க்கமும் உதவாது. 2008-இல் வந்த ஒரு புதிரில், பாஸ்டன் மாரத்தான் ஓட்டப்பாதையில் உள்ள நாட்டிக் என்னும் சிற்றூரின் பெயர், என். சி. வயெத் என்ற ஓவியரின் பெயரை அதன் முதல் எழுத்தில் வெட்டியது. பலர் அந்த ஓர் எழுத்தில் தடுக்கி விழுந்தார்கள். அன்றுமுதல் அப்படிப்பட்ட இடத்துக்கே 'நாட்டிக்' என்று ஆங்கிலப் புதிர்க்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சி எத்தனை இருந்தாலும் அங்கே உதவுவது உண்மையான உலக அறிவு ஒன்றுதான்.

அடுத்து, எந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைக் கவனியுங்கள். லிவர்ப்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்து வைர வடிவில் இருந்தது. இன்றைய கட்டுப்பாடுகள் பெரும்பாலும் பின்னால் மார்கரெட் ஃபாரர் போன்ற பதிப்பாசிரியர்களின் காலத்தில் நிலைபெற்றவை: கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் அமைய வேண்டும், ஈரெழுத்துச் சொல் கூடாது, எந்த எழுத்தும் தனித்து நிற்கக் கூடாது. இவற்றுக்குக் கட்டுப்பட்டுக் கட்டம் அமைப்பவருக்கு உயிரெழுத்து மிகுந்த குறுஞ்சொற்கள் தீராத தேவை. அதனால்தான் ஓ-ஆர்-ஈ-ஓ என்னும் பிஸ்கட், ஓ-பி-ஓ-ஈ என்னும் ஊதுகருவி, ஏ-எல்-ஓ-ஈ என்னும் கற்றாழை எல்லாம் வாரந்தோறும் வந்து நிற்கின்றன. நெப்போலியனின் வாழ்வில் ஆஸ்டர்லிட்ஸ் போரைவிட எல்பாத் தீவு பெரிதல்ல. நாடு கடத்தப்பட்டு 1814 மே மாதத்தில் அங்கே சென்றவர், பத்து மாதம்கூட இருக்கவில்லை. ஆனாலும் குறுக்கெழுத்தில் எல்பா அடிக்கடி வரும், ஆஸ்டர்லிட்ஸ் அபூர்வமாக வரும். காஸ்பியன் கடலைவிட ஆரல் கடலும், வாராணசியைவிட ஆக்ராவும் இந்தப் புதிருலகில் பெரியவை. ஆக, நீங்கள் ஓராண்டாகச் சேர்த்திருக்கும் தகவல்களைத் தேர்ந்தெடுத்தது அவற்றின் முக்கியத்துவம் அல்ல, ஆங்கில எழுத்துகளின் வரிசை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஏன் உங்களுக்கு எல்பா தெரிந்தும் நெப்போலியன் தெரியாமல் இருக்கிறது என்று குழம்ப வேண்டியதில்லை.

தமிழ்க் குறுக்கெழுத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை என்பதையும் ஓரமாகச் சொல்லி வைக்கிறேன். அங்கே ஒரு கட்டத்தில் 'கா' என்றோ 'லு' என்றோ மெய்யும் உயிரும் சேர்ந்தே அமர்ந்துவிடுவதால், உயிரெழுத்துக்காகத் தனியே அலைய வேண்டியதில்லை. நம் இதழ்களில் வரும் கட்டங்களும் எல்லா எழுத்தும் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை.

எழுத்து வரிசைக்கு அடுத்தபடி தேர்ந்தெடுப்பவர் பதிப்பாசிரியர். நியூயார்க் டைம்ஸ் 1942 பிப்ரவரியில் ஞாயிறு புதிராகத் தொடங்கி, 1950-இல்தான் அதைத் தினசரி ஆக்கியது. 1977 முதல் 1993 வரை பொறுப்பில் இருந்த யூஜீன் மலெஸ்கா அகராதியின் மூலைமுடுக்குகளில் கிடக்கும் சொற்களை விரும்பியவர். இந்தோனேசியாவின் செலிபிஸ் (இன்றைய சுலவேசி) தீவின் குட்டைக் காட்டெருமையான அனோவா, பழைய ஆங்கிலோ-சாக்சன் அடிமையைக் குறிக்கும் எஸ்னி போன்றவற்றை அக்காலத்துப் புதிர்க்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1993-இல் வந்த வில் ஷார்ட்ஸ், புதிரியலையே தனக்கென வகுத்துக்கொண்ட பாடமாக இண்டியானா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்; அவர் காலத்தில் திரைப்படம், தொலைக்காட்சி, வணிகப் பெயர்கள், பேச்சுவழக்கு என்று எடை மாறியது. நீங்கள் கற்பது 'உலக அறிவு' என்பதைவிட, நியூயார்க்கில் ஒரு படித்த வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு பதிப்பாசிரியர் எதிர்பார்க்கும் அறிவு என்று கொள்வதே சரி. பேஸ்பால் வீரர் மெல் ஆட்டும் ஐஸ் ஹாக்கி வீரர் பாபி ஆரும் அங்கே வீட்டுப் பெயர்கள். நம் ஊர்க்காரருக்கு மூன்றெழுத்துப் புதிர்கள். இதில் தாழ்வு மனப்பான்மை கொள்ள ஒன்றுமில்லை. சேலையும், ராகமும், நெய்யும், ராணியும் அங்கே விடைகளாக வரும்போது நாம் குறிப்பை முழுதாகப் படிக்காமலே எழுதிவிடுகிறோம். இலங்கை மொழி ஒன்று என்ற குறிப்புக்கு ஐந்தெழுத்து விடையாகத் தமிழே வருவதும் உண்டு.

அப்படியானால் இது வெறும் எழுத்து விளையாட்டா என்றால், அதுவும் இல்லை. ஒரே விடைக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு குறிப்பு கொடுத்தாக வேண்டும் என்பது இந்தப் புதிரின் மிகப் பெரிய நன்மை. ஈ-ஆர்-ஐ-ஈ என்னும் அந்த நான்கெழுத்தையே எடுத்துக்கொள்வோம். எளிதான திங்கட்கிழமைப் புதிரில் 'பேரேரிகளில் ஒன்று' என்பதுபோல வரும். இன்னொரு நாள் ஒரு கால்வாயின் பெயராக வரும். மற்றொரு நாள் பென்சில்வேனியாவின் துறைமுக நகரமாக வரும். கடினமான சனிக்கிழமையில் 1813-ஆம் ஆண்டுக் கடற்போர் ஒன்றைச் சுட்டியோ இரோகுவா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழங்குடியைச் சுட்டியோ வரும். இவற்றைத் தனித்தனியே படித்தால் ஐந்து துணுக்குகள். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் ஒரு நாட்டின் வரலாற்றில் ஒரு பெரிய பகுதி கண்முன் வருகிறது. ஏரிக்குப் பெயர் தந்த ஈரி மக்கள் 1650-களில் அண்டை இரோகுவாக் கூட்டமைப்பினரால் தோற்கடிக்கப்பட்டுச் சிதறிப்போனார்கள். பெயர் மட்டும் தண்ணீரில் தங்கியது. 1812-இல் தொடங்கிய பிரிட்டிஷ் - அமெரிக்கப் போரில், அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஆலிவர் பெர்ரி 1813 செப்டம்பர் 10 அன்று அந்த ஏரியில் பெற்ற வெற்றி மேற்கெல்லையை அமெரிக்கர் கையில் வைத்தது. 1825-இல் ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல் நீளத்துக்குத் திறக்கப்பட்ட கால்வாய், அதே ஏரியை ஹட்சன் ஆற்றின் வழியாக நியூயார்க் துறைமுகத்தோடு இணைத்தது. உள்நாட்டுத் தானியம் நியூயார்க்கை நோக்கி ஓடத் தொடங்க, அமெரிக்கத் துறைமுகங்களில் அந்நகரம் முன்னுக்கு வந்தது. பின்னர் கரையோரத் தொழிற்சாலைகளின் கழிவு வந்து சேர்ந்தது. ஏரியில் கலக்கும் கையஹோகா ஆற்றின் மேற்பரப்பு 1969-இல் கிளீவ்லாந்தில் தீப்பற்றி எரிந்தது. 1972-இன் தூய நீர்ச் சட்டத்துக்குப் பின்னிருந்த பொதுமக்கள் கோபத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் தீயைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. இவ்வளவும் குறிப்புகளில் இல்லை. குறிப்புகள் வாசலைக் காட்டின, அவ்வளவே. "அமெரிக்காவில் ஓர் ஏரி" என்று நீங்கள் நின்றுவிட்டது வாசலில்தான்.

நேனேயும் அப்படித்தான். என்-ஈ-என்-ஈ என்ற எழுத்தமைப்பு கட்டம் அமைப்பவர்களுக்கு வரப்பிரசாதம் என்பதால் ஹவாயின் மாநிலப் பறவை உலகெங்கும் உள்ள புதிர்க்காரர்களுக்குத் தெரியும். அது கனடா வாத்தின் உறவான ஒரு வாத்து என்பதும், எரிமலைக் குழம்பு இறுகிய தரையில் நடந்து வாழ்வதால் அதன் பாதங்களில் விரலிடைத் தோல் குறைந்துபோயிற்று என்பதும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய முப்பது பறவைகளே காட்டில் எஞ்சியிருந்த நிலையில் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் காப்பகத்திலும் ஹவாயிலும் வளர்த்து அந்த இனத்தை மீட்டார்கள் என்பதும் விடையை எழுதிவிட்டு நகர்ந்தவருக்குக் கிடைக்காது. ஐந்து நிமிடம் தேடிப் படித்தவருக்குக் கிடைக்கும்.

இங்கே நினைவாற்றல் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். படித்ததையே மறுபடி படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து வெளியே எடுக்க முயல்வதுதான் நெடுநாள் நிலைக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மறுமுறை தாமாகவே நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 75 விழுக்காட்டில் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது முன்னவர் 42, பின்னவர் 56. இடைவெளி விட்டுத் திரும்ப வருவதன் பயனை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே காட்டியிருக்கிறார். தினசரிப் புதிரில் இவ்விரண்டும் இயல்பாகவே இருக்கின்றன: குறிப்பு ஒரு கேள்வி, அதே விடை சில நாட்களில் திரும்ப வரும், வெட்டும் சொற்கள் உடனுக்குடன் சரி தவறு சொல்லிவிடும். இந்த ஆய்வுகள் குறுக்கெழுத்தை வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றின் எண்கள் புதிருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வழிமுறை பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நன்மை, நீங்கள் நினைவிலிருந்து எடுக்க முயன்றால்தான் உண்டு. வெட்டும் சொற்கள் நான்கும் சேர்ந்து விடையைக் கையில் வைத்துவிட்டால் நீங்கள் எதையும் நினைவுகூரவில்லை. எனவே பெயர்க் குறிப்பு வரும்போது, ஓர் எழுத்தும் விழாத நிலையிலேயே ஓர் ஊகத்தை மனத்துக்குள் சொல்லிவிட்டுப் பிறகு வெட்டும் சொற்களுக்குப் போங்கள். ஊகம் தவறானாலும் பாதகமில்லை.

இதிலிருந்தே இரண்டாவது கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. போட்டியில் உட்கார்ந்து போடாதவரை, தேடுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஆனால் எப்போது தேடுகிறீர்கள் என்பது முக்கியம். கட்டம் நிரம்பும் முன்பே விடைக்காகத் தேடினால் ஓர் எழுத்துக்கோவை கிடைக்கும், அதை நகலெடுப்பீர்கள், மறப்பீர்கள். நிரம்பிய பிறகு, ஒரே ஒரு விடையை எடுத்துக்கொண்டு, இது ஏன் இப்படி என்று தேடினால் அது தங்கும். நாளுக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் குறித்துவைக்கத் தொடங்கும் குறிப்பேடுகள் இரண்டாவது வாரத்தைத் தாண்டுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. தொடக்கத்தில் திங்கள், செவ்வாய்ப் புதிர்களில் பழகுங்கள், ஏனெனில் வாரம் ஏற ஏறப் புதிர் கடினமாகிச் சனிக்கிழமையில் உச்சத்தைத் தொடும். ஞாயிறு அளவில் பெரியதே தவிர, கடினத்தில் வாரத்தின் நடுநாட்களை ஒத்தது.

குறிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் என் பழைய வேலை என்னைச் சொல்ல வைக்கிறது. பெரிய நாளிதழ்களின் குறிப்புகள் சரிபார்க்கப்பட்டே அச்சேறுகின்றன. இருந்தும் பிழைகள் நேர்கின்றன, திருத்தங்களும் வெளியாகின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, சரியான குறிப்பைத் தவறாகப் படிப்பது. குறிப்பு என்பது விடைக்கு இலக்கணம் அல்ல. அந்த இடத்தில் விடையை வைத்தால் பொருந்தும் ஒரு தொடர், அவ்வளவுதான். குறிப்பில் 'எடுத்துக்காட்டாக', 'ஒருவேளை' போன்ற சொல் இருந்தால் விடை பெரிய வகை, குறிப்பில் இருப்பது அதற்கு ஒரு சான்று மட்டுமே. கேள்விக்குறியில் முடிந்தால் சொல் விளையாட்டு நடக்கிறது. அதிலிருந்து உலகத் தகவல் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். குறிப்பில் சுருக்கெழுத்து இருந்தால் விடையும் சுருக்கமே. அளவையும் முதன்மையையும் பற்றிய துணுக்குகளை, அதாவது 'மிகப் பெரிய', 'முதல்' என்று தொடங்குபவற்றை, ஒருமுறை சரிபார்க்காமல் பிறரிடம் சொல்லாதீர்கள், ஏனெனில் அவை காலப்போக்கில் மாறுபவை. ஆரல் கடல் ஒருகாலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதில் வற்றிச் சுருங்கிவிட்டது. பழைய புதிர்த் தொகுப்பில் படித்த ஒருவர் அதை இன்றும் பெருங்கடல்போல் பேசிக்கொண்டிருக்கக் கூடும்.

தந்தையாரைப் பற்றிய கேள்விக்குத்தான் மிகவும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாம்பிரிக், சால்ட்ஹவுஸ், மெயின்ஸ் மூவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, குறுக்கெழுத்துத் திறமைக்குப் பொது அறிவே வலுவான அடிப்படை என்று கண்டது. ஆனால் அதிகம் போடுபவர்களுக்கு வயதோடு வரும் தர்க்கத் திறன் குறைவு மெதுவாக நிகழ்கிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், பின்னாளில் மறதி நோய் கண்டவர்களுள் குறுக்கெழுத்துப் பழக்கம் இருந்தவர்களுக்கு நினைவுச் சரிவு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. தொடங்கிய பின் அவர்களிடம் அது விரைவாகவே சென்றது. லேசான நினைவுக் குறைபாடு உள்ள 107 பேரை வைத்து 78 வாரம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், கணினி மூளை விளையாட்டுகளைவிடக் குறுக்கெழுத்து போட்டவர்கள் சற்று நன்றாகத் தேறினார்கள். ஆனால் எதுவுமே செய்யாத ஒரு குழுவை அங்கே ஒப்பிடவில்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பழக்கத்தால் மூளை காக்கப்பட்டதா, முன்பே வலுவாக இருந்த மூளை பழக்கத்தைத் தேடிக்கொண்டதா என்பது இன்னும் பிரிக்கப்படவில்லை. நோயைத் தடுக்கும் என்று சொல்ல இடமில்லை. தீங்கு இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். அவருக்கு மறதி ஏற்கெனவே தொல்லை தருகிறது என்றால், முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரிடம்.

அவருக்குப் பழக்குவதாக இருந்தால் நியூயார்க் டைம்ஸை அவர் கையில் கொடுக்காதீர்கள். மெல் ஆட்டையும் பாபி ஆரையும் எழுபது வயதுக்கு மேல் ஒருவர் புதிதாகக் கற்றுக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரிடம் இருக்கும் அறிவை வெளியே எடுக்கவைப்பதுதான் நோக்கம் என்றால், நம் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வரும் தமிழ்க் குறுக்கெழுத்தே ஏற்றது. ஆங்கிலத்தில் நல்ல புழக்கம் உள்ளவராக இருந்து, தகவலைவிடச் சொல்லைப் பிரித்தும் புரட்டியும் பார்ப்பதில் சுவை காண்பவர் என்றால், தி இந்துவில் வரும் மறைகுறிப்புப் புதிரைக் காட்டிப் பாருங்கள். அங்கே வேண்டியது அமெரிக்க வரலாறு அல்ல, குறிப்பின் சந்தேகமான ஒரு சொல்லைப் பிடித்து உலுக்கும் குணம். முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து போடுங்கள், குறிப்பை நீங்கள் உரக்கப் படியுங்கள், விடையை அவர் சொல்லட்டும்.